இரண்டு இன்புட், நாலு பேர்: வீட்டிலேயே பேண்ட் ரெக்கார்டிங்

எங்கள் பேண்டில் நாலு பேர். அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ் கிட்டார், கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), பாட ஒருத்தி. ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் நண்பன் வீட்டு மாடியறையில் மூன்று பாட்டை நாங்களே பதிவு செய்தோம். லேப்டாப்பும் வாத்தியங்களும் ஏற்கெனவே இருந்தன. மற்றதெல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குள் முடிந்தது, பாதி பழைய சாமான்.

பேண்ட் என்றால் எட்டு இன்புட்டாவது (மைக்கையோ வாத்தியத்தையோ செருகும் துளை) வேண்டும் என்று கடையில் பயமுறுத்துவார்கள். இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டில் யாரை யாரோடு சேர்த்து வாசிக்கவைப்பது என்று முன்னாலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

1. வாங்க வேண்டியவை

இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக், கிட்டார் சத்தத்தை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஒன்று, டைனமிக் மைக் இரண்டு, மைக் ஸ்டாண்ட், மைக்கைச் செருகும் எக்ஸ்எல்ஆர் கேபிள், காதை முழுக்க மூடும் வயர் ஹெட்ஃபோன் இரண்டு, ஒரே ஹெட்ஃபோன் சத்தத்தை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஆகவே ஆகாது. அதில் சத்தம் தாமதமாக வந்து சேரும், தாளம் கெட்டுவிடும்.

கண்டென்சர் மைக் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது தெருமுனை ஆட்டோ ஹாரனையும் பாடகியாகவே நினைத்துக்கொள்ளும். நம் வீடுகளுக்கு டைனமிக்தான் சரி. 1982இல் அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்ஸியில் தன் வீட்டிலேயே ஒரு நாலு டிராக் கேசட் ரெக்கார்டரையும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்கையும் வைத்துப் பதிந்த பாட்டுகள் ஆல்பமாகவே வெளிவந்தன. எஸ்எம்57 டைனமிக் மைக்தான், செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைக்கும். என்ன, அவர் தனி ஆள்.

பாட்டைப் பதிந்து சேர்க்கும் மென்பொருளுக்கு ரீப்பர் நல்லது. 60 நாள் முழு வசதியோடு இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம்.

2. அறை

சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள அறையில் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று ஒரு அதிர்வு திரும்பி வரும். பிறகு மென்பொருளால் அதை முழுதாக எடுப்பது கஷ்டம். எதிரெதிர் சுவர்களில் ஒன்றை மூடினாலே பாதி அடங்கும். நாங்கள் இலவம்பஞ்சு மெத்தையை ஒரு சுவரில் நிமிர்த்திச் சாய்த்தோம், தரையில் ஜமுக்காளம் விரித்தோம். முட்டை அட்டையை ஒட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், அதனால் பெரிய பயன் இல்லை.

இன்னொன்று, இரும்பு பீரோ. பேஸ் சத்தத்துக்கு அதன் கைப்பிடி தானாகக் கிடுகிடுக்கும். ஒரு துண்டைச் சுற்றிவிடுங்கள். மின்விசிறியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தினால் வியர்க்கும், கிட்டாரின் சுருதியும் நகரும். எனவே ஒவ்வொரு டேக்குக்கு (ஒரு தடவை வாசித்துப் பதிவது) முன்னாலும் டியூனர் பாருங்கள். பக்கத்து வீட்டு மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் ஓய்ந்து, இரவு நேர சீரியலும் முடிந்த பிறகுதான் எங்களுக்கு வேலை ஓடியது.

3. லேப்டாப் அமைப்பு

பதிவின் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பஃபர் (லேப்டாப் சத்தத்தைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவு, கூடினால் தாமதமும் கூடும்) பதியும்போது 128, பதிந்ததைச் சேர்க்கும் மிக்ஸிங்கின்போது 1024. அப்படியும் உங்கள் சத்தம் உங்களுக்கே தாமதமாகக் கேட்டால் இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் பொத்தானை அழுத்துங்கள், சத்தம் லேப்டாப்பைச் சுற்றாமல் நேரே காதுக்கு வரும். பாட்டிலேயே பலமான இடத்தை வாசிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி கெயினை (இன்புட்டின் சத்த அளவை) வையுங்கள். சத்தம் மிஞ்சி மீட்டரில் சிவப்பு எரிந்த டேக்கைக் காப்பாற்றுவது கஷ்டம். சத்தம் குறைவாகப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். எங்களுக்கு அதுதான் காரணம். கடைசி வரை பேட்டரியிலேயே ஓட்டினோம்.

4. முதலில் டிராக்

சினிமாவில் ‘டிராக் பாடுவது’ என்பார்களே, அதேதான். தாளத்தை எண்ணித் தட்டும் க்ளிக் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு கிட்டாரும் குரலும் பாட்டை முழுதாக ஒரு தடவை பதிகிறார்கள், ஆளுக்கு ஒரு மைக். சுமாராக இருந்தால் போதும், கடைசியில் அழிக்கப்போகிறோம். ஆனால் காலப்பிரமாணம் இங்கேயே முடிவாகிவிடுகிறது. வேகத்தை அவசரப்பட்டு வைக்காதீர்கள். எங்கள் முதல் பாட்டை ஒத்திகையில் வாசித்த உற்சாகத்தில் நிமிடத்துக்கு 104 தட்டில் வைத்தோம். பாடும்போது மூச்சு வாங்கியது. 96க்கு இறக்கி எல்லாவற்றையும் மறுபடி வாசித்தோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

5. கஹோனும் பேஸும் சேர்ந்து

ஆரம்பத்தில் இரண்டு மைக்கையும் கஹோனுக்கே கொடுத்தோம், முன்பலகைக்கு ஒன்று, பின்பக்க ஓட்டைக்கு ஒன்று. தனித்தனியாகக் கேட்டால் அருமை. சேர்த்துக் கேட்டால் அடிச்சத்தமே காணோம். முன்பலகை உள்ளே போகும்போது பின் ஓட்டை வழியாகக் காற்று வெளியே தள்ளப்படுகிறது. ஒரு மைக்குக்கு இழுப்பு, இன்னொன்றுக்குத் தள்ளல். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ரீப்பரில் ஒரு டிராக்கின் ஃபேஸ் பொத்தானை அழுத்தி இழுப்பைத் தள்ளலாகத் திருப்பிவிட்டால் அடிச்சத்தம் திரும்ப வந்துவிடும்.

ஆனால் நாங்கள் பின் மைக்கையே எடுத்துவிட்டோம். முன்னால் ஒன்றரை அடி தள்ளி, கொஞ்சம் மேல்விளிம்பு பக்கம் பார்த்தபடி ஒரே மைக். காலியான இன்புட்டில் பேஸ் கிட்டாரை நேரடியாகச் செருகினோம். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்ற பொத்தான் இருந்தால் அதை அழுத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பேஸ் சப்பையாக விழும். பேஸ் நேராக ஒயரில் போவதால் கஹோன் மைக்கில் கலக்காது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு, காதில் டிராக்கைக் கேட்டபடி வாசித்தார்கள். அந்தப் பார்வையில் வரும் பிடிப்பு தனித்தனியாகப் பதிந்தால் வராது. இந்த ஜோடிக்கு எத்தனை டேக் ஆனாலும் சலிக்காதீர்கள். எங்களுக்குப் பதினொன்று ஆனது.

முழு டிரம்ஸ் செட் என்றால் இரண்டு மைக்கையும் அதற்கே கொடுத்துவிடுங்கள். ஸ்னேர் என்ற சிறிய டிரம்மின் நடுவிலிருந்து ஒரு நூலால் அளந்து இரண்டையும் ஒரே தூரத்தில் வையுங்கள். பேஸ் அடுத்த சுற்றில்.

6. கிட்டார்

வட்ட ஓட்டைக்கு நேராக மைக் வைக்காதீர்கள், குடத்துக்குள் பேசுவது போல் இருக்கும். கிட்டார் கழுத்தின் 12ஆவது ஃப்ரெட் கம்பியைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதே பகுதியை இரண்டு தடவை முழுதாக வாசித்து ஒன்றை இடதுபக்கமும் மற்றதை வலதுபக்கமும் தள்ளினால் ஒரே கிட்டார் மேடையளவு விரியும். நகல் எடுத்து ஒட்டினால் அந்த விரிவு வராது, உண்மையிலேயே இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

7. குரல்

துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, பாடுகிறவருக்குப் பின்னால் அது வருமாறு நிறுத்துங்கள். மைக் பார்க்கும் திசையில் துணி இருக்க வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல்கடை. ‘ப’கரம் வெடிக்காமலிருக்க எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக் குறுக்கே வைத்தோம். மூன்று டேக் பாடவைத்து, வரிக்கு வரி நல்லதைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். நாலாவது டேக்கில் எங்கள் பாடகிக்குத் தொண்டையும் போனது, பொறுமையும் போனது.

8. மிக்ஸ்

இங்கே அதிகம் நோண்டாதீர்கள். குரலிலும் கிட்டாரிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை வெட்டுங்கள். கஹோன், பேஸ், குரல் மூன்றும் நடுவில், கிட்டார்கள் ஓரங்களில். குரலுக்குக் கொஞ்சம் கம்ப்ரெஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவது), கொஞ்சம் ரிவெர்ப் (அறை எதிரொலி போன்றது). மறுநாள் காலையில் கேட்டால் ரிவெர்ப் அதிகமாகத் தெரியும், பாதியாகக் குறையுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பேஸின் நகர்வு புரிகிறதா, யாராவது ஒருவரின் காரில் குரல் அமுங்குகிறதா என்று பாருங்கள்.

தரம் குறையாத வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள், எம்பி3 நண்பர்களுக்கு அனுப்ப மட்டும். ப்ராஜெக்ட் ஃபோல்டரை அன்றிரவே ஒரு பென் டிரைவிலும் போட்டு, அதைப் பேண்டில் வேறொருவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள்.