தப்பான விடையிலிருந்து சாவியை எடுப்பது எப்படி? பென்சிலும் தாளும் போதும்

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் கொல்லையில் போர் மோட்டாரைப் போட்டால் ஷெட்டில் எரியும் பல்பு ஒரு கணம் மங்கும். அதே லைனில் மாட்டியிருக்கும் ஈரப்பத சென்சாரும் அந்த நேரம் பார்த்து தாறுமாறாக ஒரு எண்ணை அனுப்பும். வோல்டேஜ் தடுமாறினால் சிப் கணக்கைத் தப்பாகப் போடும், அவ்வளவுதான். செய்தியை மறையாக்கி, அதாவது ஒரு ரகசிய எண்ணைக் (சாவி) கொண்டு பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் கருவியில், இதையே ஒருவர் வேண்டுமென்று, நேரம் பார்த்துச் செய்து, தப்பான விடையிலிருந்து சாவியைப் பிடித்தால் அது ஃபால்ட் தாக்குதல். கொல்லையில் தொங்கும் பெட்டிக்குக் காவல் கிடையாது. யாரும் திறந்து ஒயர் மாட்டலாம். அதனால்தான் சின்னக் கருவிகளுக்கு இது பெரிய கவலை.

1997-ல் எலி பிஹாம், ஆடி ஷமீர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டெஸ் என்ற மறையாக்க முறையை இப்படி உடைக்கலாம் என்று காட்டினார்கள். நாம் 2007-ல் வந்த பிரசென்ட் என்ற எளிய முறையை எடுத்துக்கொள்வோம். 64 பிட் செய்தி, 80 பிட் சாவி, 31 ரவுண்டு (ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று).

படி 1: அட்டவணை

பிரசென்டின் எஸ்-பாக்ஸ் நான்கு பிட் எண்ணை வேறு எண்ணாக மாற்றும். 0 முதல் 15 வரை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்:

12, 5, 6, 11, 9, 0, 10, 13, 3, 14, 15, 8, 4, 7, 1, 2

கடைசி ரவுண்டில் இந்த விடையோடு சாவியை எக்ஸார் செய்து வெளியே அனுப்புவார்கள். எக்ஸார் என்றால் இரண்டு எண்களையும் பைனரியில் எழுதி, பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 போடுவது. நடுவில் பிட்கள் இடம் மாறும். அந்த வரிசை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் விட்டுவிடலாம்.

படி 2: சரியான விடை

உள்ளே வரும் எண் 6, சாவி 3 என்று வையுங்கள். தாக்குபவருக்கு இரண்டுமே தெரியாது. 6-க்கு எஸ்-பாக்ஸ் தருவது 10. 10 எக்ஸார் 3 = 9. அவர் பார்ப்பது 9 மட்டும்.

படி 3: தப்பான விடை

அதே செய்தியை மறுபடி அனுப்பவைத்து, கடைசி பிட்டைப் புரட்டுகிறார். 6 இப்போது 7. எஸ்-பாக்ஸ் 13 தரும்; 13 எக்ஸார் 3 = 14.

இங்கேதான் நிதானமாகப் பாருங்கள். 9 எக்ஸார் 14 = 7. இரண்டு விடையிலும் ஒரே சாவி இருப்பதால் அது அடிபட்டுப் போய், எஸ்-பாக்ஸின் வித்தியாசம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசி பிட் மாறும்போது வித்தியாசம் 7 தருபவை எவை? அட்டவணையைத் தேடினால் 6, 7, 10, 11 மட்டும். பதினாறு நான்காகிவிட்டது!

அடுத்து வலமிருந்து இரண்டாம் பிட்டைப் புரட்டினால் 6 என்பது 4 ஆகும்; வெளியே வருவது 10. 9 எக்ஸார் 10 = 3. இதற்குப் பொருந்துபவை 4, 6. இரண்டு பட்டியலிலும் இருப்பது 6 மட்டும். அப்புறம் என்ன, 6-க்கு எஸ்-பாக்ஸ் தருவது 10, வெளியே வந்த சரியான விடை 9; 9 எக்ஸார் 10 = 3. சாவி கையில்.

படி 4: முழுச் சாவி

64 பிட்டை நான்கு நான்காகப் பிரித்தால் வரும் 16 துண்டுக்கும் இதேபோல் செய்தால் சாவியில் 64 பிட் கிடைக்கும். மீதி 16 பிட்டுக்கு 65,536 வாய்ப்புதான். லேப்டாப் நொடியில் தேடிவிடும்.

படி 5: தடுப்பு

சரி, என்ன செய்வது? கருவி ஒரே செய்தியை இரண்டு முறை மறையாக்கி, விடைகளை ஒப்பிடட்டும். பொருந்தாவிட்டால் எதையும் அனுப்பக் கூடாது. தப்பான விடை வெளியே போனால்தானே மேலே செய்த கணக்கு நடக்கும்? இரண்டு முறையும் ஒரே பிட்டைப் புரட்டினால் இந்த ஒப்பீடு ஏமாறும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவு இடைவெளி விடுங்கள். வோல்டேஜ் இறங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் வசதி பல சிப்களில் உண்டு. அதையும் ஆன் செய்யுங்கள். சோதித்துப் பார்ப்பது உங்கள் சொந்த போர்டில் மட்டும்.