மூலிகைச் சோதனை: பிழை எங்கே புகுந்துவிடுகிறது?

கோணேசபுரியில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு மூலிகை தேடி அலைய வேண்டியதில்லை. திருகோணமலையில் வேலியோரமே போதும். முதல் பிழையும் அங்கேதான் நடக்கிறது. கீழ்க்காய்நெல்லி என்று பிடுங்கும் ஒரு கைப்பிடியில் இரண்டு, மூன்று இனங்கள் கலந்திருக்கலாம். எல்லாவற்றிலும் காய் இலைக்கடியில்தான் தொங்கும். பூவும் காயுமாக ஒரு செடியை உலர்த்தி ஒட்டி வைத்து, தாவரவியல் தெரிந்தவரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைத்திருக்கும் தேசிய உலர்தாவரகம் பேராதனையில் இருக்கிறது. கடைப் பொடியை வைத்து ஆய்வு தொடங்கவே வேண்டாம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இலை நிழலிலேயே காய்ந்துவிடும். மாரியில் அரைகுறையாகக் காய்ந்து பூஞ்சணம் பிடித்தால், சோதனையில் பக்டீரியாவைக் கொன்றது இலையா பூஞ்சணமா என்று பிறகு சொல்ல முடியாது.

சாற்றின் ஒட்சியேற்ற எதிர்ப்பை, அதாவது ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலைப் பார்க்கப் பலரும் டி.பி.பி.எச். (DPPH) என்ற ஊதா நிறக் கரைசலை எடுப்பார்கள். ஆற்றலுள்ள சாறு சேர்ந்தால் ஊதா நிறம் வெளிறி மஞ்சளாகும். அதை 517 நனோமீற்றர் அலைநீள ஒளியில் அளக்கிறோம். இலைச்சாற்றுக்கும் நிறம் உண்டே! டி.பி.பி.எச். கலக்காத சாற்றைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் வரும் எண் பொய். கரைசலை இருட்டில் வைக்கவும் மறக்கக்கூடாது. ஒரே ஒரு செறிவில் சோதித்து ‘90 வீதம்’ என்று எழுதுவதிலும் அர்த்தமில்லை. அந்த அளவுக்கு ஊற்றினால் நம் பிளேன்டீயும் அதே கெட்டித்தனத்தைக் காட்டும். பல செறிவுகளில் செய்து, ஒப்பிடுவதற்கு அஸ்கோர்பிக் அமிலத்தையும் (விற்றமின் சி) அதே நாளில் அருகில் வைத்துச் சோதியுங்கள்.

நுண்ணங்கிச் சோதனையில், பக்டீரியா வளரும் ஏகார் என்ற கூழ்த் தட்டில் சாறு ஊறிய சிறுவட்டுக் காகிதத்தை வைப்போம்; அதைச் சுற்றிப் பக்டீரியா வளராமல் தெரியும் வெற்று வளையம்தான் ஏமாற்றுவது. சாறெடுத்த மெதனோல் போன்ற கரைப்பான் சரியாக ஆவியாகாமல் சிறுவட்டில் மிஞ்சியிருந்தால் அதுவே வளையம் போட்டுவிடும். ஆகவே வெறும் கரைப்பான் இட்ட சிறுவட்டு ஒன்று கட்டாயம். அப்புறம், 5 மில்லிகிராம் சாற்றை 10 மைக்ரோகிராம் ஜென்டமைசின் என்ற பக்டீரியா எதிர்ப்பு மருந்தோடு ஒப்பிட்டு ‘மருந்துக்கு நிகர்’ என்று எழுதுகிறார்கள். சாற்றின் அளவு 500 மடங்கு! எண்ணெய்த்தன்மையான பொருள் ஏகாரில் சரியாகப் பரவாது, அதனால் வளையம் சிறுத்தும் போகலாம். வளையத்தோடு நிறுத்தாமல், திரவ ஊடகத்தில் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவையும் கண்டுபிடியுங்கள்.

வைத்தியர் குடிநீராகக் காய்ச்சிக் கொடுப்பதை தண்ணீரோடு கலக்காத ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்துச் சோதித்துவிட்டு, பாரம்பரியம் நிரூபணமானது என்பது சரியல்ல. தண்ணீரிலும் காய்ச்சிச் சோதியுங்கள். பலன் வராவிட்டால் அதையும் அட்டவணையில் போடுங்கள்.