போர்வைக்கு ரிப்பன் கரை: மெஷினில் உட்காரும் முன்பே நடக்கும் தவறுகள்

குழந்தைப் போர்வைக்குச் சுற்றிலும் சாட்டின் ரிப்பன் வைத்துத் தைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல் சலவையிலேயே பல போர்வைகளின் ஓரம் அலை அலையாக நெளிந்துவிடுகிறது. உடனே தையலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம், துணியை நனைக்காமல் வெட்டியதுதான். கடையில் கிடைக்கும் சாட்டின் ரிப்பன் அநேகமாக பாலியஸ்டர், தண்ணீரில் சுருங்காது. பருத்தித் துணியோ 100 செ.மீ.க்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கலாம். துணி உள்வாங்கி, ரிப்பன் அப்படியே நின்றால் நெளியாமல் என்ன செய்யும்? துணியைத் துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு அளவெடுங்கள்.

அடுத்தது, மூலையை வட்டமாக வெட்டிவிட்டு ரிப்பனை வளைக்கப் பார்ப்பது. ரிப்பன் இரண்டு பக்கமும் கரையோடு நெய்யப்படுவது. இழுத்தால் நீளாது, வளைத்தால் மடங்கும். வளைவுக்கு, துணியை 45 டிகிரி சாய்வாக வெட்டி எடுத்த பட்டியான கிராஸ் பீஸ்தான் சரி. ரிப்பன்தான் வேண்டும் என்றால் மூலை சதுரமாகவே இருக்கட்டும்.

போர்வையின் ஓரத்தை மூட ரிப்பனைச் சரிபாதியாக மடிப்பதும் தவறுதான். மேலே ஓரத்தில் ஓடும் தையல் அடிப்பக்கத்தை அங்கங்கே பிடிக்காமல் விட்டுவிடும். அந்த இடைவெளியில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். அடிப்பாதி மேல்பாதியைவிட 2 மி.மீ. அகலமாக வருமாறு மடித்து, மேலே மெல்லிய துணி போட்டு மிதமான சூட்டில் தேய்த்துவிடுங்கள். போர்வையின் ஓரம் மடிப்பின் உள்ளே போய் முட்ட வேண்டும்.

குண்டூசி குத்திய ஓட்டை சாட்டினில் லேசில் மறையாது. அதனால் கிளிப் போட்டுவிட்டு, மெல்லிய ஊசியால் தையல் கோட்டுக்குப் பக்கத்திலேயே நூலோட்டிவிடுங்கள், அதாவது கையால் தற்காலிகமாக நீளத் தையல் போடுங்கள். இதை வெட்டி வேலை என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மொத்த வேலையில் இதுதான் முக்கியம். ஊசிக்குக் கீழே இருக்கும் மெஷினின் பல் கீழ் அடுக்கைத் தள்ளிக்கொண்டு போகும்; மேல் அடுக்கு, துணியை மேலிருந்து அமுக்கும் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தில் பின்தங்கும். சாட்டின் வேறு வழுக்கும். ஒரு பக்கம் முடிவதற்குள் மேல் ரிப்பன் மிஞ்சிப்போய்க் குறுக்குச் சுருக்கம் விழுந்துவிடும். நூலோட்டியிருந்தால் எல்லா அடுக்கும் சேர்ந்தே நகரும்.

ஊசி புதிதாக இருக்கட்டும். மழுங்கிய ஊசி சாட்டின் இழையை இழுத்து நீளமாகக் கோடு போட்டுவிடும். மெல்லிய போர்வைக்கு 11ஆம் நம்பர் போதும், கனமானதற்கு 14. தையல் நீளம் 2.5 முதல் 3 மி.மீ. துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். ஊசி வளைந்து பிளேட்டில் இடிக்கும்.

அப்புறம் மூலை. அங்கிருந்து தைக்கத் தொடங்கக் கூடாது. ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். துணி முடியும் இடம் வரை தைத்து, ரிவர்ஸ் போட்டு நிறுத்தி, நூலை வெட்டுங்கள். ரிப்பனைத் திருப்பி முன்னும் பின்னும் சாய்வாக மடியுங்கள். முன் மடிப்பு ஒரு திசையிலும் பின் மடிப்பு எதிர்த் திசையிலும் விழுந்தால் கனம் ஒரே இடத்தில் சேராது.

கடைசியில் பிசிறு வராமலிருக்க ரிப்பன் முனையை நெருப்பில் காட்டுவார்கள். பாலியஸ்டருக்கு அது சரி. ஆனால் உருகிய முனை கெட்டியாகிக் குழந்தையின் தோலை உறுத்தும். அதை அரை அங்குலம் உள்ளே மடித்து, தொடங்கிய இடத்தின் மேல் வைத்துத் தைத்துவிடுங்கள்.