ஜெபத்தில் தூங்கிப்போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் காரைக்குடிப் பக்கம் பலகாரம் போடும் வீடுகளில் அடுப்பு அணைவதே இல்லை. எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் இரண்டு பேர் அந்த வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒரு அக்கா இரவு பதினோரு மணிவரை தேன்குழல் பிழிந்துவிட்டு வருவார். விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து முழங்காலில் நிற்பார். நின்றபடியே தூங்கியும் போவார். "எனக்குள்ள ஏதோ பாவம் இருக்கு தம்பி, அதான் ஜெபம் வரமாட்டேங்குது" என்று ஒருநாள் அழுதுவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சொன்னது பலகார வீட்டு ஆச்சி. வெள்ளிக்கிழமை தவறாமல் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகிறவர் அவர். "ஏத்தா, போயிச் செத்த நேரம் படு. ஒன் சாமி எங்கயும் ஓடிப்போயிறாது."

எனக்கு உடனே 1 இராஜாக்கள் 19 ஞாபகம் வந்தது. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நின்ற எலியா, இந்த அதிகாரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டுப் படுத்துவிடுகிறார். நடுவில் அவர் ஓடியதைப் பாருங்கள்: ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல்வரை, பிறகு அவன் மனைவி யேசபேலுக்குப் பயந்து பெயெர்செபாவரை, அதற்கப்பால் வனாந்தரத்தில் ஒருநாள் நடை. வந்த தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார், தூதனும் விட்டுவிட்டான். இரண்டாம் தரம் எழுப்பியதும் சாப்பாட்டுக்குத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அவர் 40 நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. உடம்பின் அசதியை ஆவியின் குற்றமாக எடுத்துக்கொள்வதுதான் நம்மிடம் இருக்கும் பெரிய தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

கெத்செமனேயில் ஆண்டவர் சீஷர்களைக் கடிந்துகொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். கடிந்துகொண்டார். கையோடு, மாம்சமோ பலவீனமுள்ளது என்றும் சொன்னார். அவர்கள் துக்கத்தினாலே தூங்கினார்கள் என்று லூக்கா (22:45) காரணமே எழுதி வைத்திருக்கிறார். சாவு விழுந்த வீட்டில் அழுது ஓய்ந்தவர்கள் சுவரில் சாய்ந்தபடி தூங்குவதைப் பார்த்த யாருக்கும் இது புரியும்.

அடுத்தது, ஜெபத்துக்குப் பேரேடு எழுதுவது. வட்டிக்கும் ஐந்தொகைக்கும் பேர்போன ஊர் இது, அந்தப் புத்தி எங்களுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. மூன்று நாள் ஜெபிக்காமல் விட்டால் நாலாம் நாள் வட்டியும் முதலுமாக மூன்று மணி நேரம் உட்காருவது. அது முடியாமல் போகும். ஐந்தாம் நாள் கடன் இன்னும் ஏறியிருக்கும். கடைசியில், கடன்காரனைக் கண்டால் சந்து மாறிப் போகிறவர்போல ஆண்டவரிடமே முகம் கொடுக்காமல் திரிய ஆரம்பிப்போம். யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் அன்றன்றைக்குக் கிடைத்த உணவான மன்னாவைக் காலைவரை எடுத்து வைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? புழு. நேற்றைய பாக்கி என்று ஒன்று அங்கே இல்லை. ஐந்து நாள் விட்டுப்போயிருந்தாலும் ஆறாம் நாள் அந்த நாளுக்கான ஜெபத்தோடு தொடங்கினால் போதும்.

நேரம் விஷயத்திலும் பிடிவாதம் வேண்டாம். மாற்கு 1:35இல் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தது உண்மை. அதே மாற்கு 4ஆம் அதிகாரத்தில், படவுக்குள் தண்ணீர் ஏறும்போதும் அவர் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முதலாவதை மட்டும் சட்டமாக்குகிறோம். தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்கால்படியிட்டார். சங்கீதம் 55 அந்திசந்தி மத்தியானம் என்கிறது. இரவு வேலை பார்ப்பவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் நாலு மணி அலாரத்தோடு சண்டை போடுவது வீண். ஒரு சின்ன உபாயம்: தூக்கம் தள்ளுகிற வேளையில் கண்ணை மூடி உட்காராதீர்கள், நடந்துகொண்டே சத்தமாக ஒரு சங்கீதம் வாசியுங்கள்.

ஊர்ப் பாரம் முழுவதையும் ஒரே ஆள் சுமப்பதும் வேண்டாம். அமலேக்கியரோடு போர் நடந்தபோது கையை உயர்த்தி நின்ற மோசேக்கே கை அசந்துபோய், உட்காரக் கல் போட்டு, ஆரோனும் ஊர் என்ற பெயர்கொண்டவரும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்க வேண்டியிருந்தது.

இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாச ஜெபத்துக்கு உட்காரக் கூடாது. சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். படியேறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் சோர்வு என்றிருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வாரக்கணக்கில் எதிலுமே மனம் ஒட்டவில்லை, அழுகையாக வருகிறது என்றால் அதற்கும் மருத்துவம் இருக்கிறது. கைவைத்து ஜெபிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

சரி, எல்லாமே உடம்பு அசதிதானா? இல்லை. இந்தத் தவறைச் செய்வது நான்தான். ஜெபத்துக்கு உட்கார்ந்தால் கொட்டாவி வரும், அதே இரவு பன்னிரண்டு வரை போன் பார்த்தால் வராது. இது களைப்பே இல்லை, சலிப்பு. எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்து 399இல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, சங்கீதம் 91 சொல்லும் மத்தியான வேளைச் சங்காரத்தின் பெயரையே இதற்கு வைத்தார். பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை துறவிக்குச் சூரியன் நகராததுபோல இருக்குமாம். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா, யாராவது வருகிறார்களா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். சித்திரை வெயிலில் ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துக்கொண்டு கடிகாரம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். இதற்கு ஓய்வு மருந்தாகாது, அதிகமாகப் படுத்தால் அதிகமாகத்தான் சலிக்கும். இடத்தை விட்டு எழுந்து ஓடாதே என்பதுதான் அவர் சொன்ன வைத்தியம். இதே சலிப்பில் தவித்த வனத்து அந்தோனியாருக்கு, கொஞ்சம் கயிறு திரிப்பது, எழுந்து ஜெபிப்பது, மறுபடி உட்கார்ந்து திரிப்பது என்றிருந்த ஒருவர் தரிசனத்தில் தெரிந்தார் என்று வனாந்தரத் துறவிகள் கதை சொல்லி வந்தார்கள்.

அக்காவிடம் இந்தக் கயிறு கதையைச் சொன்னேன். இப்போது அவர் நாலு மணி அலாரம் வைப்பதில்லை. எண்ணெய் காயும் இடைவெளியில் இரண்டு வரி ஜெபம், மதியம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரப் படுக்கை. போன வாரம் படுக்கப் போனவரை ஆச்சி நிறுத்தி, "ஒன் சாமிகிட்ட எம் முழங்காலுக்கும் சேத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் படு" என்றாராம்.