அமெரிக்காவில் எம்.எஸ். முதல் செமஸ்டர்: கரியர் ஃபேருக்குத் தயாராவது எப்படி?

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வந்து இறங்கி, வீடு பிடித்து, பேங்க் அக்கவுன்ட் திறந்து, இந்தியன் ஸ்டோர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் செப்டம்பர் வந்துவிடும். இங்கே இன்ஜினியரிங் பள்ளிகளில் பெரிய கரியர் ஃபேர் (கம்பெனிகள் ஆள் எடுக்க வரும் வேலைவாய்ப்புச் சந்தை) நடப்பது பெரும்பாலும் அந்தச் செப்டம்பரில்தான். அடுத்த வருடம் மே மாதம் தொடங்கும் சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு இப்போதே ஆள் எடுப்பார்கள். "முதலில் செட்டில் ஆகிவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் கஷ்டம், ஏனென்றால் இரண்டு வருட எம்.எஸ்.ஸில் சம்மர் ஒன்றே ஒன்றுதான் வரும்.

நம் ஊரில் பிளேஸ்மென்ட் செல் கம்பெனியைக் கூட்டி வரும், எலிஜிபிள் லிஸ்ட் ஒட்டும், ஆப்டிடியூட், ஜிடி, ஹெச்ஆர் என்று ஒரே நாளில் முடித்து அனுப்பும். இங்கே அந்த வேலையை உங்களுக்காக யாரும் செய்ய மாட்டார்கள். ஒரு பெரிய ஹாலிலோ திறந்தவெளியில் போட்ட கூடாரத்திலோ வரிசையாக மேசைகள் இருக்கும், நீங்களே போய் நின்று பேச வேண்டும். மாணவராக அந்த வரிசையில் நின்றிருக்கிறேன், இப்போது என் கம்பெனி சார்பில் மேசைக்குப் பின்னாலும் நிற்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது: ஃபேர் நாளில் ஓடுகிற ஓட்டத்தைவிட, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நடக்கும் சின்னக் கூட்டங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். அவற்றுக்கு ஆட்கள் அதிகம் வர மாட்டார்கள். அதுதான் விஷயம்.

படி 1: ஹேண்ட்ஷேக் புரொஃபைலை முடியுங்கள்

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஹேண்ட்ஷேக் என்ற வேலைவாய்ப்புத் தளத்தைத்தான் பயன்படுத்துகின்றன. பல்கலைக்கழக ஐடியில் உள்ளே போனதும் மேஜர் (முதன்மைப் பாடம்), பட்டம் முடிக்கும் மாதம், வேலை அனுமதி இந்த மூன்றையும் சரியாக நிரப்புங்கள். கம்பெனிகள் இவற்றை வைத்துத்தான் வடிகட்டும், பட்டம் முடிக்கும் தேதி தப்பாக இருந்தால் உங்கள் பெயர் அவர்கள் கண்ணிலேயே படாது.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும், பல்கலைக்கழக கணினியும் அதையே பிடித்துக்கொள்ளும், ஃபேர் வாசலில் அச்சாகி வரும் பேட்ஜிலும் கொட்டை எழுத்தில் அதுவே நிற்கும். சிலருக்கு அப்பா பெயர்தான் பேட்ஜில் இருக்கும், ரெக்ரூட்டர் (கம்பெனிக்கு ஆள் எடுப்பவர்) "ஹாய் சுப்ரமணியம்" என்பார், நீங்கள் திரும்பி அப்பாவைத் தேடுவீர்கள். ஹேண்ட்ஷேக்கிலும் ரெஜிஸ்ட்ரார் பக்கத்திலும் விருப்பப் பெயர் போட ஒரு கட்டம் உண்டு, இன்றைக்கே போய் மாற்றிவிடுங்கள்.

படி 2: ரெஸ்யூமே, ஒரே பக்கம்

நம் ஊர் பயோடேட்டாவைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை, கடைசியில் வரும் "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்" எதுவும் வேண்டாம். தாள் ஏ4 இல்லை, இங்கே லெட்டர் சைஸ், 8.5-க்கு 11 அங்குலம். அமெரிக்க போன் நம்பர் போடுங்கள். முதல் செமஸ்டரில் ஜிபிஏ வந்திருக்காது, அதனால் யூஜி சிஜிபிஏவை 10-க்கு எவ்வளவோ அப்படியே எழுதுங்கள், நீங்களாகவே 4-க்கு மாற்றிக் கணக்குப் போடாதீர்கள்.

புராஜெக்ட் எழுதும்போது டீம் என்ன செய்தது என்பதைவிட நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது வர வேண்டும். "கியர்பாக்ஸ் அதிர்வு பற்றிய ஆய்வு" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் தெரியாது. "ஆக்ஸிலரோமீட்டர் பொருத்தி டேட்டா எடுத்தேன், மேட்லேபில் எஃப்எஃப்டி போட்டு, பழுதான பல் எதுவென்று கண்டுபிடித்தேன்" என்றால் உடனே கேட்க எனக்கு ஒரு கேள்வி கிடைக்கும். மேசையில் நிற்கும் ஆளுக்குக் கேள்வி கிடைக்கச் செய்வதுதான் ரெஸ்யூமேயின் வேலை.

கரியர் சென்டரில் அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே ரெஸ்யூமே காட்டும் நேரம் இருக்கும், இலவசம்தான். ஃபேருக்கு முந்தைய வாரம் அங்கே வரிசை நீளும், ஆகவே சீக்கிரமே போய்விடுங்கள். கோட் இல்லையென்றாலும் கேளுங்கள், பல பல்கலைக்கழகங்களில் ஃபார்மல் உடை கடன் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது ஒரு கன்சல்டன்சி பெயரைச் சொல்லி, ரெஸ்யூமேவில் மூன்று வருட அனுபவம் சேர்த்துத் தருவார்கள் என்பார்கள். வேண்டவே வேண்டாம். பொய் அனுபவம் மேசையிலேயே இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும், உடையாமல் தப்பித்தாலும் பிற்பாடு விசா வரைக்கும் துரத்தும்.

படி 3: கம்பெனி லிஸ்ட், விசாவோடு சேர்த்து

பெரிய ஃபேர்களில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் வரும், எல்லாவற்றுக்கும் போக முடியாது, போகவும் தேவையில்லை. ஹேண்ட்ஷேக்கிலோ கரியர் ஃபேர் பிளஸ் போன்ற ஆப்பிலோ யார் வருகிறார்கள், எந்த மேஜர் வேண்டும், வெளிநாட்டு மாணவர்களை எடுப்பார்களா என்று வடிகட்டிப் பார்க்கலாம். ஆப்பில் இருப்பதை முழுக்க நம்பவும் வேண்டாம், அந்தக் கட்டத்தை அவசரத்தில் டிக் செய்தவர் ஹெச்ஆரில் யாரோ ஒருவர். அமெரிக்கக் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸின் தளத்தில் ஹெச்-1பி (வேலை விசா) எம்ப்ளாயர் டேட்டா ஹப் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் கம்பெனி பெயரைப் போட்டால் எந்த வருடம் எத்தனை ஹெச்-1பி வாங்கியிருக்கிறது என்று வந்துவிடும். இது ஊகமில்லை, அரசாங்கக் கணக்கு.

ராணுவத் தளவாடம், ஏவுகணை, ராக்கெட் சம்பந்தப்பட்ட கம்பெனிகளின் மேசைகளில் ஐடார் என்ற ஏற்றுமதிச் சட்டம் குறுக்கே நிற்கும். பெரும்பாலான வேலைகளுக்குக் குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோதான் வேண்டும். ஏரோஸ்பேஸ் படிக்க வந்தவர்களுக்கு இது ரொம்பவே வலிக்கும். ஆனால் அந்த வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது மேல்.

உங்கள் விசா கணக்கையும் மனப்பாடமாக வைத்திருங்கள். எஃப்-1 (மாணவர்) விசாவில் இருப்பவர், பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்ததும் சிபிடியில் (படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி) இன்டர்ன்ஷிப் செய்யலாம், அதற்கு ஸ்பான்சர்ஷிப் (கம்பெனி உங்களுக்காக விசாவுக்கு விண்ணப்பிப்பது) தேவையில்லை. படிப்பு முடிந்ததும் ஓபிடி (படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி) 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்றால் மேலும் 24 மாதம், அந்த நீட்டிப்புக்குக் கம்பெனி ஈ-வெரிஃபையில் (வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசுத் தளம்) பதிவு செய்திருக்க வேண்டும். மேசையில் நிற்கிற பலருக்கு இந்த விவரம் தெரியாது, "ஸ்பான்சர்ஷிப் வேண்டுமா?" என்று மட்டும் கேட்பார்கள். "இன்டர்ன்ஷிப்புக்கு வேண்டாம், படிப்பு முடிந்து மூன்று வருடம் ஓபிடியில் வேலை செய்யலாம், அதற்கு மேல் ஹெச்-1பி வேண்டும்" என்று ஒரே மூச்சில் தெளிவாகச் சொல்லுங்கள். ஆன்லைன் விண்ணப்பத்தில் "எதிர்காலத்தில் ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா" என்று இருந்தால் ஆமாம் என்றே போட வேண்டும். இதில் மழுப்பாதீர்கள்.

படி 4: இன்ஃபோ செஷனுக்குப் போங்கள்

ஃபேருக்கு முந்தைய வாரமும் முதல் நாள் இரவும் கம்பெனிகள் தனித்தனியாகக் கூட்டம் போடும், சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு, ஏதாவது ஒரு கிளாஸ்ரூமில். பீட்சா இருக்கும். ஹெச்ஆர் ஒருவர் ஸ்லைடு ஓட்டுவார், கூடவே இரண்டு மூன்று இளம் இன்ஜினியர்கள் வந்திருப்பார்கள், பெரும்பாலும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஸ்லைடு முடிந்ததும் பாதிப் பேர் பீட்சாவோடு கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். அந்த இன்ஜினியர்களிடம் "இன்டர்ன்களுக்கு நீங்கள் கொடுக்கிற வேலை எப்படி இருக்கும், போன சம்மரில் என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள், பத்து நிமிடம் நின்று பேசுவார்கள்.

மறுநாள் ஃபேரில் அதே ஆள் மேசையில் நிற்பார். காலையிலிருந்து முகம் முகமாகப் பார்த்துக் களைத்துப்போன நேரத்தில், நேற்று இரவு பேசிய முகம் வந்தால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியும், ரெஸ்யூமேயின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு டிக் போட்டுத் தனிக் கட்டில் வைப்பேன். மற்றவை பெரிய கட்டுக்குப் போகும். அந்தப் பெரிய கட்டை ஓட்டலுக்கு எடுத்துப் போய் ராத்திரி புரட்டுவோம், உண்மையைச் சொன்னால் வேகமாகத்தான் புரட்டுவோம்.

படி 5: டிபார்ட்மென்ட் செமினார்

இதை யாரும் வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வாரம் ஒரு நாள், வேறு பல்கலைக்கழகத்திலிருந்தோ ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தோ கம்பெனியிலிருந்தோ ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசுவார். பல டிபார்ட்மென்டுகளில் செமினார் கோர்ஸாகவே இருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் லேப்டாப் திறக்கிறவர்கள்தான் அதிகம்.

முதல் வாரங்களில் பாதி புரியாது, பரவாயில்லை. முந்தைய நாள் பேச்சாளரின் பேப்பர் ஒன்றின் சுருக்கத்தையும் படங்களையும் மட்டும் பாருங்கள். முன் பக்கம் உட்காருங்கள். கேள்வி கேட்கத் தயக்கமாக இருந்தால் முடிந்ததும் நேராகப் போய், "நீங்கள் காட்டிய மூன்றாவது வரைபடத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் ஏன் விலகியிருந்தது?" என்பது போலச் சின்னதாக ஒன்று கேளுங்கள். பேச்சாளரோடு மாணவர்கள் மதியம் சாப்பிட ஒரு பட்டியல் மெயிலில் வரும், பெரும்பாலும் பிஹெச்டிக்காரர்களுக்கு, ஆனால் இடம் காலியாகவே கிடக்கும், நான் வரலாமா என்று கோஆர்டினேட்டருக்கு ஒரு மெயில் போட்டால் அனேகமாக வாருங்கள் என்பார்கள். அங்கே உங்கள் டிபார்ட்மென்ட் பேராசிரியர்களும் உங்களைப் பார்க்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) இடம் காலியாகும்போது, முகமே தெரியாத மாணவரின் மெயிலைவிட வாராவாரம் முன் வரிசையில் பார்த்தவரின் மெயிலுக்குத்தான் பதில் வரும்.

படி 6: அரை நிமிடப் பேச்சு

பெயர், என்ன படிக்கிறீர்கள், எப்போது முடிக்கிறீர்கள், செய்ததில் ஒரே ஒரு வேலை, இந்தக் கம்பெனியில் எந்தப் பிரிவு பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். ரூம்மேட்டிடம் நான்கைந்து முறை சொல்லிப் பாருங்கள், போனில் பதிவு செய்து கேளுங்கள். நம்மவர்கள் பதற்றத்தில் படுவேகமாகப் பேசுகிறோம், வேகத்தைக் குறைத்தாலே உச்சரிப்புப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

படி 7: ஃபேர் நாள்

கதவு திறக்கும் நேரத்துக்கே போங்கள். முதலில் லிஸ்டில் நாலாவது ஐந்தாவதாக இருக்கும் கம்பெனியில் பேசி வாயைப் பழக்கிக்கொண்டு, அப்புறம் முதல் இடத்துக்குப் போங்கள். பிரபலமான பெயர்களுக்கு வரிசை வளைந்து வளைந்து போகும். ஓரத்தில் ஆளில்லாமல் நிற்கும் நடுத்தரக் கம்பெனி மேசைகளில் பல நேரம் நேரடியாக ஆள் எடுக்கும் மேனேஜரே நிற்பார், அங்கே பேசுவதற்கு நேரமும் கிடைக்கும்.

"ஆன்லைனில் அப்ளை செய்யுங்கள்" என்றால் விரட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பல கம்பெனிகளில் எல்லா விண்ணப்பமும் கணினி வழியாகத்தான் வர வேண்டும் என்பது விதி, எங்களுக்கும் வேறு வழி கிடையாது. "எந்த ஜாப் ஐடிக்குப் போடட்டும்? உங்கள் பெயரைக் குறிப்பிடலாமா?" என்று கேட்டு, அந்த நிமிடமே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேசையிலிருந்தும் வந்ததும் பேசியவர் பெயர், என்ன பேசினீர்கள் என்று இரண்டு வரி. பத்து பேரிடம் பேசிய பிறகு எல்லாம் குழம்பிவிடும்.

இந்த ஃபேர்களில் சிலவற்றை மாணவர்களே நடத்துகிறார்கள். பர்டூவின் இண்டஸ்ட்ரியல் ரவுண்ட்டேபிளை இன்ஜினியரிங் மாணவர் கவுன்சில் நடத்துகிறது, மிச்சிகனில் ஸ்வீ (பெண் இன்ஜினியர்கள் சங்கம்), டௌ பீட்டா பை (இன்ஜினியரிங் மாணவர் கௌரவச் சங்கம்) இரண்டின் மாணவர் கிளைகளும் சேர்ந்து நடத்துகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வாலன்டியராகப் பெயர் கொடுங்கள். பெட்டி தூக்குவது, வழி காட்டுவது, சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது மாதிரி வேலைகள்தான் இருக்கும், ஆனால் கூட்டம் உள்ளே வருவதற்கு முன்பே ரெக்ரூட்டர்களோடு பேச்சுக் கொடுக்கலாம்.

அடுத்த நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகள் மறுநாளே கேம்பஸில் இன்டர்வியூ வைக்கும், அழைப்பு அன்று இரவு பத்து மணிக்குக்கூட வரும். மெயிலின் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். அன்றைக்கு லேப் இருந்தால் பேராசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

படி 8: மெயிலும் சிபிடியும்

அன்று இரவே ஜாப் ஐடிகளுக்கு அப்ளை செய்துவிட்டு, பேசியவர்களுக்கு நாலு வரி மெயிலோ லிங்க்ட்இன் செய்தியோ அனுப்புங்கள். அவரோடு பேசியதில் ஒரு விஷயம் அதில் இருக்க வேண்டும், வெறும் நன்றி மட்டும் வந்தால் யார் என்று எனக்கு ஞாபகம் வராது. பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரு முறை கேளுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

ஆஃபர் வந்ததும் லெட்டரை எடுத்துக்கொண்டு இன்டர்நேஷனல் ஆபீஸுக்குப் போங்கள். சிபிடி அனுமதி உங்கள் ஐ-20 தாளில் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்று) ஏறிய பிறகுதான் முதல் நாள் வேலையைத் தொடங்கலாம், ஒரு நாள்கூட முன்னால் கூடாது. முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் ஓபிடி போய்விடும், அதனால் அடுத்தடுத்து நீட்டிக்கச் சொன்னால் முதலில் நாட்களைக் கூட்டிப் பாருங்கள்.

செப்டம்பரில் ஒன்றும் அமையவில்லையென்றால் வசந்தகால ஃபேர் பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில் வரும். அதற்கு வரும் கம்பெனிகள் குறைவு, வரிசையும் குறைவு, அதற்குள் உங்கள் கையில் ஒரு செமஸ்டர் ஜிபிஏ இருக்கும்.