பிறர் வெற்றியில் மகிழப் பழக்கிய விதம்

என் வகுப்பில் ஒரு மாணவி கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றபோது, மற்றவர்கள் கடமைக்குக் கைதட்டிவிட்டு முகம் திருப்பிக்கொண்டது எனக்கு வருத்தமளித்தது. பொறாமை எழுவது இயல்பே. அதற்காகக் கடிந்துகொண்டால் பிள்ளைகள் அதை மறைக்கத்தான் கற்பார்கள். நற்செய்தி சொல்பவரிடம் ஆர்வத்தோடு கேட்டு உரையாடுவது உறவின் நெருக்கத்தோடு தொடர்புடையது என்று ஷெல்லி கேபிளும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட உளவியல் ஆய்வு காட்டியது. அதன்படி, வென்றவரிடம் "எந்தப் பகுதி கடினமாக இருந்தது, எப்படிச் சமாளித்தாய்?" என்று தோழர்கள் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தினேன். தரவரிசைப் பட்டியலை அகற்றி, அவரவர் பழைய கட்டுரையோடு புதியதை ஒப்பிடச் செய்ததே பெரிதும் உதவியது என்பது என் கணிப்பு. பேசக் கூச்சப்படும் பிள்ளைகளை மட்டும் எல்லார் முன்னும் நிறுத்தாமல் இருவர் இருவராக உரையாட விடுகிறேன்.