புல்லட்டுக்கு ஆயில் கூலர் மாட்டப் போகிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி ஒருவன் தன் பழைய இரும்பு என்ஜின் புல்லட்டோடு வாசலில் வந்து நின்றான். ஹேண்டில்பாரில் ஒரு பாலிதீன் பை தொங்கியது. "அண்ணே, ஆயில் கூலர் வாங்கிட்டேன், மாட்டிக் குடுங்க" என்றான். என்ஜின் எண்ணெயைக் காற்றில் ஆறவைக்கிற சின்ன ரேடியேட்டர்தான் ஆயில் கூலர். பைக்குள் எட்டிப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன்னால் சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிச் சாமான் விற்கிற இடத்தில், நான் பேரம் பேசி வாங்கினேனே, அச்சு அசலாக அதே சாமான். வாயில் துணி அடைத்திருந்த விதம்கூட அதேதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நட்டைச் சரியாக முறுக்கு, லீக் இருக்கிறதா பார் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனர் பிடித்தவனுக்கு அது தெரியும். தெரியாமல் காசும் என்ஜினும் போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே கூலர் வாங்குவது

350 புல்லட் என்ஜின் 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), மொத்தம் 346 சிசி. 1955-இல் இருந்து திருவொற்றியூரில் இந்த வண்டியைச் செய்தார்கள். மெட்ராஸ் வெயிலில் கூலர் இல்லாமலே ஓடிய என்ஜின் இது. அறுபது எழுபது கி.மீ. வேகத்தில் ஓட்டுகிற ஆளுக்கு என்னைக் கேட்டால் கூலரே தேவையில்லை. 84 மி.மீ. போர் உள்ள 500-ஐ எடுத்துக்கொண்டு கோடையில் மணிக்கணக்காக ஹைவேயில் முறுக்குகிறவருக்கு வேண்டுமானால் ஒரு நியாயம் இருக்கிறது.

என்ஜின் அளவுக்கு மீறிச் சுட்டால் முதலில் பாயின்டைப் பாருங்கள், தீப்பொறி எப்போது வர வேண்டும் என்று தீர்மானிக்கிற ஸ்விட்ச் அது. பாயின்ட் தேயத் தேய இடைவெளி சுருங்கும், தீப்பொறி தாமதமாக வரும், சூடெல்லாம் எக்ஸாஸ்ட் பக்கம் போய், என்ஜினில் இருந்து புகை வெளியே வரும் பெண்ட் பைப் நீலம் பாரிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாகப் போனாலும் இதே கதைதான். அப்புறம் சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகடுகளை, அதாவது ஃபின்களைப் பாருங்கள். அழகுக்கு நாலு கோட் பெயின்ட் அடித்து, இடுக்கில் சேறும் எண்ணெயும் காய்ந்து கிடந்தால் காற்று எந்த வழியாகச் சூட்டை எடுத்துப் போகும்? தம்பியின் வண்டியில் பாயின்ட் இடைவெளி கிட்டத்தட்ட மூடியே இருந்தது. பத்து நிமிட வேலை.

இன்னொன்று. சிக்னலில் நிற்கும்போது சூடாகிறது என்பதற்காகக் கூலர் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் கூலருக்கு ஏது காற்று? அதுவும் உங்களோடு சேர்ந்து வெந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான்.

பழைய கூலர்

இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கொல்லிமலைக்கு ஒரு பயணம் போட்டிருந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவு, மே மாதம், என்னுடையது 500. கூலர் மாட்டிவிடலாம் என்று புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு கடையில் பல்சர் 220-இல் இருந்து கழற்றிய கூலர் கிடைத்தது. ஃபின் ஒன்றிரண்டு வளைந்திருந்ததே தவிர பார்க்கப் பளபளவென்று இருந்தது. அறுநூறு ரூபாய். அந்த வண்டியை ஏன் உடைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. ஒரு பைக் உடைப்புக்கு வருகிறது என்றால் ஒன்று விபத்து, இல்லையென்றால் என்ஜின் சீஸ், அதாவது உள்ளே இறுகி நின்றுபோனது. இந்தச் சின்னக் கணக்கு அன்றைக்கு என் மண்டையில் ஓடவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று தடவை டீசல் ஊற்றி அலசினேன். முதல் தடவை கறுப்பாக வந்தது, இரண்டாவது தடவை டீ டிக்காஷன் மாதிரி, மூன்றாவது தடவை ஊற்றிய டீசல் ஊற்றியபடியே தெளிவாக வந்தது. பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கினேன். பங்க்சர் கடைக்கு எடுத்துப்போய்க் காற்றும் அடித்தேன். எனக்கு ஒரே பெருமை.

மாட்டி நானூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும், வால்வு பக்கத்து டேப்பெட் சத்தம் ஆரம்பித்தது. சரி, இரும்பு என்ஜினுக்கு இது சகஜம்தான் என்று, என்ஜின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து, வால்வுக்குத் தள்ளு கொடுக்கும் கம்பியான புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்றுகிற அளவுக்குச் சரிசெய்தேன். ஒரு வாரத்தில் மறுபடியும் அதே சத்தம். மறுபடியும் சரிசெய்தேன். அடுத்தடுத்து இரண்டு தடவை இடைவெளி கூடுகிறது என்றால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று அர்த்தம். அதைக்கூட யோசிக்காமல் கொல்லிமலைக்குக் கிளம்பிவிட்டேன். போகும்போது உளுந்தூர்பேட்டை தாண்டி ஆத்தூரை நெருங்கும் இடத்தில், கீழே இருந்து ஒரு அடி. டக்... டக்... ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறது, முறுக்கினால் சுத்தியலால் அடிக்கிற மாதிரி கேட்கிறது. பிக் எண்ட், பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கிற இடம். மலையைப் பார்க்காமலே வண்டியைச் சின்ன யானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு சென்னை திரும்பினேன்.

என்ஜினைப் பிரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கூலர் இருந்தது ராக்கருக்குப் (ஹெட்டில் வால்வை அழுத்தும் கை) போகும் பைப்பில். அதில் இருந்து வந்த பொடி முதலில் ராக்கர் உட்காரும் இடத்தை அரைத்திருக்கிறது. அங்கிருந்து வழிந்து கீழே இறங்கி ரிட்டர்ன் பம்ப், அப்புறம் டேங்க், அங்கிருந்து ஃபீட் பம்ப். பம்ப் டிஸ்க்கில் கிராமபோன் தட்டு மாதிரி வட்டம் வட்டமாகக் கோடு. ஃபில்டர் என்னவோ தன் வேலையைச் செய்தது, ஆனால் அது இருப்பது பம்புக்குப் பின்னால். பம்ப் தேய்ந்து எண்ணெய் அழுத்தம் விழுந்த பிறகு ஃபில்டர் சுத்தமாக இருந்து என்ன பிரயோசனம்? இந்த என்ஜினில் பிக் எண்டுக்கு ஃப்ளோட்டிங் புஷ், இறுக்கிப் பிடிக்காமல் தானும் சுற்றுகிற வளையம். எண்ணெயில் மிதந்தே வாழ்கிற சாமான், எண்ணெய் குறைந்தால் பொறுக்காது. கிராங்க் வேலை, புஷ், பம்ப், ராக்கர் செட் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்துக்குப் பக்கத்தில் வந்தது. கூலர் அறுநூறு.

கோபத்தில் அந்தக் கூலரை வைஸில் கடித்து ஹாக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தேன். வெளியே இருந்து பார்த்தால் வெறும் தட்டைக் குழாய், உள்ளேயோ தேன்கூடு மாதிரி மெல்லிய தகட்டு மடிப்பு. அந்த மடிப்புக்குள் ஈரமான வெள்ளிக் கோலப்பொடி மாதிரி அலுமினியத் தூள் அப்பிக் கிடந்தது. மூன்று தடவை அலசி, டீசல் தெளிவாக வந்த அதே கூலர்!

ஏன் என்று யோசித்தால் சுலபம்தான். கூலரில் பல குழாய்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நீங்கள் ஊற்றும் டீசல் அடைப்பில்லாத குழாய் வழியாக ஓடிவிடும், அடைத்துக்கொண்ட குழாய் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. வெளியே தெளிவாக வருவது சுத்தமான குழாய் வழியே போனதுதான். அப்புறம் சூடான எண்ணெயும் சிங்கிள் சிலிண்டரின் அதிர்வும் சேர்ந்து நாள்கணக்கில் அந்த அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே அனுப்பும். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவலாம் என்பார்கள். போட்டுக்கொள்ளட்டும், என் என்ஜினில் மாட்ட மாட்டேன்.

புதுக் கூலர் வாங்குங்கள், இல்லாவிட்டால் கூலரே வேண்டாம். கூலர் மாட்டிய உங்கள் சொந்த என்ஜினே ஒரு தடவை சீஸ் ஆகியிருந்தாலும் அதே சட்டம்தான்: கூலரையும் ஹோஸையும் தூக்கிப் போடுங்கள். என்ஜினுக்கு இருபதாயிரம் செலவழித்துவிட்டு, "கூலர் நல்லாத்தானே இருக்கு" என்று அதையே திரும்ப மாட்டிய ஒருவர் ஆறு மாதத்தில் மறுபடியும் கிராங்கைத் தூக்கிக்கொண்டு லேத்துக்குப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எந்தக் குழாயில் சேர்ப்பது

புல்லட்டில் எண்ணெய் டேங்க் தனியாகத் தொங்காது, கிராங்க் கேஸோடு சேர்த்தே வார்த்திருக்கும். ஃபீட் பம்பில் இருந்து வரும் எண்ணெய் ஃபில்டரைத் தாண்டி, டைமிங் கவரில் இருக்கும் கார்க் சீல் வழியாக கிராங்குக்குள் நுழைந்து பிக் எண்டுக்குப் போகிறது. அந்தப் பாதையில் கை வைக்காதீர்கள். ஃபில்டர் மூடியைத் துளைத்துக் குழாய் இழுக்கிற வேலை, டைமிங் கவரில் ட்ரில் போடுகிற வேலை எதுவும் வேண்டாம். வெளியே தெரிவது ஹெட்டுக்கு ஏறும் மெல்லிய ராக்கர் பைப்தான். சேர்ப்பதென்றால் அங்கே. அதிலும் புது ஹோஸின் உள்விட்டம் பழைய பைப்பைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.

பழைய ட்ரையம்ப், பிஎஸ்ஏ ட்வின் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம், ஏனென்றால் அவற்றில் டேங்குக்குப் போகிற ஹோஸும் வருகிற ஹோஸும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். கூலர் ரிட்டர்ன் ஹோஸில்தான். ஃபீட் ஹோஸில் மாட்டினால், காலையில் கெட்டியாக இருக்கும் எண்ணெயை அவ்வளவு நீளக் குழாய் வழியாக அந்தச் சின்னப் பம்ப் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாது.

ஹெட்டுக்கு வரும் காற்றை மறைப்பது

சேஸிஸின் முன்பக்கக் குழாயான டவுன் ட்யூபுக்கு முன்னால் நட்டநடுவில், பெரிதாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டத்தான் கை அரிக்கும். அது ஹெட்டுக்கு நேராக வரும் காற்றைத் தடுக்கும், வருகிற கொஞ்சக் காற்றையும் சூடாக்கி அனுப்பும். ஏர் கூல்டு என்ஜினில் பெரும்பகுதிச் சூட்டை எடுப்பது ஃபின்தான். சின்னக் கூலராக, ஹெட்டுக்கு நேராக வராத மாதிரி தள்ளி வையுங்கள். மாட்டிவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள், ஒருவரை முன்னால் அழுத்தச் சொல்லி மட்கார்டு எங்கே வருகிறது என்று குனிந்து பாருங்கள்.

ரப்பர் புஷ் இல்லாத பிராக்கெட்

அதிர்வில் கூலரில் போல்ட் போடுகிற காது உடையும்.

பெட்ரோல் ட்யூப்

சூடான எண்ணெயில் அது வெந்த நூடுல்ஸ் ஆகிவிடும். எண்ணெய்க்கென்று இருக்கும் ஹோஸ், நல்ல கிளாம்ப். வேறு பேச்சே கிடையாது.

மலைக் குளிரில் கூலரைத் திறந்தபடி ஓட்டுவது

டிசம்பரில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறீர்கள் என்றால் எண்ணெய் சூடாகவே சூடாகாது. எண்ணெய் நன்றாகச் சூடானால்தான் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகப் போகும். போகாவிட்டால் எண்ணெய் மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் ஆடை கட்டிய மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். எண்ணெய் சூடான பிறகே கூலருக்கு வழி விடுகிற தெர்மோஸ்டாட் வைத்தால் உத்தமம். வைக்காதவர்கள் ஒரு அட்டையை வெட்டிக் கூலர் முகத்தில் கட்டிக்கொண்டு ஓட்டலாம். பார்க்க அசிங்கம்தான். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

காலிக் கூலரோடு ஸ்டார்ட் செய்வது

மாட்டுவதற்கு முன்னால் கூலருக்குள் எண்ணெய் ஊற்றி நிரப்புங்கள். முடிந்தவரை இரண்டு வாயும் மேலே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். வாய் கீழே இருந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும், வண்டி நிற்கும்போது எண்ணெயும் வடியும், ஒவ்வொரு காலையும் ராக்கர் வறண்டு போய்க் காத்திருக்கும். ஃபில்டரையும் மாற்றியிருந்தால் அந்த அறையிலும் எண்ணெய் ஊற்றுங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கிக்கரை மிதியுங்கள், இருபது முப்பது தடவை. ராக்கர் பக்கத்தில் எண்ணெய்ப் பைப்பைப் பிடிக்கிற துளை போல்ட்டை (பேஞ்சோ போல்ட்) கொஞ்சம் தளர்த்தி வைத்திருங்கள். அங்கே எண்ணெய் கசிந்து விரலில் ஒட்டிய பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும்.

டிப்ஸ்டிக்

கூலரும் ஹோஸும் கொஞ்சம் எண்ணெயைக் குடிக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு டிப்ஸ்டிக்கில், அதாவது எண்ணெய் அளவுக் குச்சியில், பார்த்து ஊற்றுங்கள். ரொம்ப நாள் நின்ற வண்டியில் ஓட்டாமலே டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றாதீர்கள், டேங்க் எண்ணெய் பம்ப் வழியாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும்.

செம்பு வாஷர்

பேஞ்சோ போல்ட்டில் இருந்து கழற்றிய பழையதை மறுபடியும் போடாதீர்கள்.